எந்தக் கை என்று தெரியும்

"ஒரு பொண்ணா இருந்தா இதை எப்டி எழுதுவா, தாயி?"

அண்ணன் இப்படிக் கேட்டபோது நான் அடுப்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவன் போனை நீட்டிக்கொண்டு என் எதிரில் குந்தினான். பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவளிடம் எழுத்தைப் பற்றி யார் கேட்பார்கள்? வீட்டில் என்னிடம் கேட்கிற கேள்வியெல்லாம் உப்பு போட்டியா, மோட்டாரை நிறுத்தினியா, அவ்வளவுதான்.

"எதை?" என்றேன்.

"இதோ. நம்ம தேன்மொழி."

தேன்மொழி என்று ஒருத்தி கிடையாது. அண்ணன் பிரகாஷும் அவன் கூட்டாளி ஜெகநாதனும் சேர்ந்து முகநூலில் உண்டாக்கிய பெண் அவள். முகத்துக்குப் பதிலாக ஒரு மல்லிகைச் சரம். இருவரும் நடிகர் ருத்ரவேலின் ரசிகர் மன்றத்தில் திருத்தணி கிளைக்குப் பொறுப்பு. அண்ணன் பகலில் கூரியர் வண்டி ஓட்டுவான். மீதி நேரமெல்லாம் ருத்ரவேல்.

அந்த வாரம் கவிதா என்ற நடனக்காரி ஒரு பேட்டி கொடுத்திருந்தாள். பாட்டுக்குப் பின்னால் கும்பலோடு ஆடுகிறவள். ஏழு வருடத்துக்கு முன்னால் படப்பிடிப்பில் ருத்ரவேல் தன்னைக் கேரவன் வண்டிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார் என்று சொன்னாள். சொல்லும்போது அழவில்லை. அதுதான் அண்ணன் ஆட்களுக்கு முதல் கோபம். "நெசமா இருந்தா அழுவாளா இல்லியா?" அடுத்த கோபம், ஏழு வருடம். "அப்பவே ஏன் சொல்லலை? தூங்கிகினு இருந்தாளா?" அதற்கடுத்தது அவள் நிறம், மூக்கு, இடுப்பு. "எங்க ருத்ரவேல் அண்ணன் போயும் போயும் இவளையா?" அவள் பேரை யாரும் எழுதவில்லை. அவ, இவ, அது.

ஆண்கள் எழுதினால் ரசிகன் என்று தள்ளிவிடுகிறார்கள், பெண் எழுதினால் எடுபடும் என்பது ஜெகநாதனின் யோசனை. அவனே தேன்மொழிக்காக ஒன்று எழுதிப் போட்டிருந்தான். "வணக்கம். பெண்ணாகிய நான் பெண்ணாகவே சொல்கிறேன் மச்சி." அதன் கீழே முதல் ஆள் எழுதியிருந்தது: "தம்பி, மீசையைச் சிரைச்சிட்டு வா."

நான் சிரித்துவிட்டேன். அண்ணனுக்கும் சிரிப்பு வந்தது.

"இன்னா சிரிக்கிறே? மானம் போவுது. நீ எழுது. நீ எதையாவது எழுதிகினே இருக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அரிசி டின்னுக்குப் பின்னாடி..."

"அண்ணா!"

"அம்மாகிட்ட சொல்லலை. எழுதித் தா."

அவன் கெட்டவன் இல்லை. இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தாயம்மாள் என்ற என் பேரைக் கேட்டு வகுப்பே சிரித்தபோது, வாத்தியார் எழுப்பிப் படிக்கச் சொல்லி என் குரல் வராமல் நின்றபோது, பிறகு அம்மாவுக்கு ஆபரேஷன் என்று வீட்டில் தங்கி அப்படியே பள்ளிக்குப் போகாமல் போனபோது, திரும்பவும் போ என்று சொன்னவன் அவன் ஒருவன்தான். நைனா, மலைப்பாதையில் ஆட்டோ ஓட்டுகிறவர், "பொட்டப் புள்ள, இருக்கட்டும் விடு" என்று சொல்லிவிட்டார்.

நான் அவனுடைய பழைய போனை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். மலைக்கோயில் கோபுரம் எதிரே தெரிந்தது. எழுதினேன்.

"நான் சினிமாவில் உடைப் பிரிவில் கூலிக்கு வேலை செய்தவள். பெரிய படிப்பு இல்லை. கூட்டமான பஸ்ஸில் தெரியாமல் பட்ட கை எது, தெரிந்தே பட்ட கை எது என்று எந்தப் பெண்ணுக்கும் யாரும் சொல்லித்தர வேண்டாம். பட்ட இடத்திலேயே தெரியும். அந்தத் தெரிவை வைத்துச் சொல்கிறேன். ருத்ரவேல் அண்ணன் சட்டைக்கு நான் பொத்தான் தைத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கையை எனக்குத் தெரியும்."

முதல் பாதி நான் அரக்கோணம் பஸ்ஸில் தெரிந்துகொண்டது. பின்பாதி பொய். இரண்டையும் எங்கே ஒட்டினேன் என்று எனக்கே தெரியாத அளவுக்கு ஒட்டியிருந்தது. போட்டதும் இறங்கிப் போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன்.

அடுத்த நாள் ஊரெல்லாம் தேன்மொழி. சென்னையிலிருந்து யாரோ பெரிய ஆள் எடுத்துப் போட்டான். "இதுதான் பெண். இதுதான் உண்மை." ஆயிரக்கணக்கில் கும்பிடு, பூ. ஜெகநாதன் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"தாயி, நீ சும்மா இல்லமா. தலைமை மன்றத்துல கேக்கறாங்க, யாரு அந்தத் தேன்மொழின்னு!"

"சொல்லிடாதே," என்றேன். அவ்வளவு பேசியதே எனக்கு அதிகம்.

"சொல்லுவனா? நம்ம மன்றத்து ரகசியம் நீ."

அன்று கவிதாவுக்கு வந்த வசவுகளில் ஒன்று, "அந்தப் பொத்தான் தைத்த அக்காவின் செருப்புக்கு ஆவாயா நீ?" படித்ததும் போனைக் கவிழ்த்துவைத்தேன். மறுபடி எடுத்தேன். கவிழ்த்தேன். எடுத்தேன். துணி மடிக்கும்போதும் அடுப்பு துடைக்கும்போதும் கை அதையே தேடியது.

அப்புறம் பெண்கள் எழுத ஆரம்பித்தார்கள். வெளியில் இல்லை, தேன்மொழியின் தனிப்பெட்டியில். அக்கா, உங்களிடம் ஒன்று சொல்லலாமா என்று ஆரம்பித்தவர்களே அதிகம். ருத்ரவேலைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் இல்லை. முதல் பாதியைத்தான் படித்திருந்தார்கள். கை என்று எழுதினேனே, அதை. பட்ட இடத்திலேயே தெரியும் என்று ஒருத்தி சொன்னதும் அவளிடம் சொல்லலாம் என்று நினைத்துவிட்டார்கள். இந்த ஆண்கள் யாருக்கும் இப்படி நடக்கும் என்று தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. பதில் எழுதத் தெரியாமல் ஒவ்வொன்றாகப் படித்து அழித்தேன்.

அதில் ஒன்று, படம் இல்லாத, பேர் இல்லாத ஐடியிலிருந்து வந்தது.

"அக்கா, உங்க பதிவை திருப்பித் திருப்பிப் படிச்சேன். நான் கம்பெனில வேலை செய்றேன். எங்க லைன் சூப்பர்வைசர். ஷிப்ட் முடிஞ்சு கையுறையைக் கழட்டினா விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி இருக்கும். அதைப் பிடிச்சுகினு, பொணத்துக் கை மாதிரி கீது, நான் சூடு பண்றேன்னு சொல்லுவார். முதல்ல கை மட்டும்தான். இப்ப இல்லை. சொன்னா வேலை போகும். வேலை போனா வீட்டுல ஏன்னு கேப்பாங்க. ஆவணில கல்யாணம். நான் இன்னா பண்ணணும் அக்கா?"

படித்து முடிப்பதற்குள்ளேயே எனக்கு அந்தக் கை தெரிந்துவிட்டது.

பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது பிரபாவதி தன் விரல்களை என்னிடம் காட்டினாள். கனகம்மாசத்திரத்தில் இருக்கும் எங்கள் மாமா பெண். ஆவணியில் அண்ணனைக் கட்டிக்கொள்ளப்போகிறவள். விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் ஏறி, போன் பாகங்கள் செய்கிற இடத்துக்குப் போய்வருகிறாள். எங்கள் வீட்டில் தெலுங்கும் கலந்துதான் பேசுவோம். அண்ணியை வதினா என்போம். அவள் அண்ணனைப் பாவா என்பாள். "இதைப் பாரு தாயி, கெழவி கை," என்று சிரித்தாள். விரல் நுனி எல்லாம் ஊறவைத்த வேர்க்கடலை மாதிரி இருந்தது. நான் தொட்டுப் பார்த்தேன். அண்ணன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான், போனில் ருத்ரவேல் படத்து வசூலைப் பற்றி யாரோடோ சண்டை போட்டுக்கொண்டு.

நான் எழுதினேன்: "இந்த மெசேஜை உடனே அழிச்சிடுங்க."

உடனே பதில் வந்தது. "ஏன்க்கா? தப்பா எதாவது எழுதிட்டனா?"

நான் தாயி என்று எழுதினேன். அழித்தேன். வதினா என்று எழுதினேன். அதையும் அழித்தேன். உங்க மேல தப்பு இல்லை என்று எழுதி அனுப்பினேன். அவள் ஒரு கும்பிடு அனுப்பினாள். நான் அந்த உரையாடல் முழுவதையும் அழித்தேன். அழித்துவிட்டால் போய்விடும் என்று நினைத்தேன்.

தேன்மொழி ஜெகநாதன் போனிலும் திறந்தே இருந்தாள். நான் அழிப்பதற்கு முன்பே அவன் அதைப் படமாகப் பிடித்துவிட்டிருந்தான்.

மறுநாள், கவிதா போலீஸில் கொடுத்திருந்த புகாரில் ருத்ரவேலுக்கு முன்ஜாமீன் கிடைத்தது. குற்றமே இல்லை என்று கோர்ட்டு சொல்லிவிட்டதாகத்தான் அண்ணன் ஆட்கள் பட்டாசு வெடித்தார்கள். ஜாமீன் கிடைத்தால் முடி கொடுப்பதாக மன்றம் வேண்டிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த நாள் காலையில் அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஆவணியில தாலி கட்டப்போறவன்டா நீ. போட்டோவுல இன்னா, பூசணிக்கா மாதிரி நிப்பியா?"

"முளைச்சிடும்மா."

"எங்க முளைக்கும்? உங்க நைனாவுக்கு முளைச்சிதா?"

"முருகனுக்குக் குடுக்கறேன். தடுக்காதே."

"முருகனுக்கா குடுக்கறே? அந்த நடிகனுக்குக் குடுக்கறே. முருகன் சும்மா வாங்கி வெக்கறாரு."

அண்ணன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். நான் பாத்திரம் கழுவிவிட்டு வந்து போனை எடுத்தேன். அண்ணனுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அந்தப் படம் இருந்தது. ஐடி இருந்த மேல்பகுதியை வெட்டியிருந்தார்கள். மீதி எல்லாம் இருந்தது, பொணத்துக் கை வரைக்கும். கீழே அண்ணன் எழுதியிருந்தான்:

"அடுத்த நாடகம் ஆரம்பம். சூப்பர்வைசர் கையைப் பிடிச்சாராம், இது சும்மா இருந்துச்சாம். ஆவணில கல்யாணமாம். ஐயோ பாவம், எந்த இளிச்சவாயனோ மாப்பிள்ளை."

சிரித்து உருளும் முகங்கள் நிறைய.

வதினா அவனுடைய ஸ்டேட்டஸ் ஒன்றைக்கூட விடாமல் பார்ப்பாள். கட்டிக்கொள்ளப்போகிறவன் போடுவதைப் பார்க்காமல் இருப்பாளா? இப்போது ஷிப்டில் இருப்பாள், உள்ளே போன் விடமாட்டார்கள். வெளியே வருவதற்குள் இதை எடுக்கவைக்க வேண்டும். அண்ணனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். நைனா ஆட்டோவில் போனால் ஏன் எதற்கு என்று கேட்பார். படி ஏறினேன்.

தனியாக நான் மலை ஏறியது அதுதான் முதல் தடவை. வெயில். படிகளில் சூடம் கொளுத்துகிறவர்கள், மஞ்சள் துணிக்காரர்கள், ஆந்திராவிலிருந்து வந்த கும்பல். நடுப்படியில் ஒரு தாத்தா, "ஏம்மா ஓடற, சாமி எங்கேயும் போயிடாது" என்றார். நான் நிற்கவில்லை.

மொட்டை போடும் மண்டபத்தில் ஈர முடியின் வாசனை. மன்றத்து ஆட்கள் ருத்ரவேல் படம் போட்ட பனியனோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் ஆண்கள். வாசலில் நான் நின்றதும் பேச்சு நின்றது. அண்ணன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். பாதித் தலை ஆகியிருந்தது.

"தாயி? இன்னாச்சு? அம்மாவுக்கு ஏதாவது..."

"அந்த ஸ்டேட்டஸை எடுத்துடுண்ணா."

"எது?"

"அந்தப் பொண்ணு மெசேஜ். எடுத்துடு."

"தலையை ஆட்டாதப்பா, கிழிச்சிடும்," என்றார் நாவிதர்.

அண்ணன் தலையைக் குனிந்தபடியே பேசினான். "இதுக்கா மலை ஏறி வந்தே? ஏன், யாருன்னு தெரியுமா உனக்கு?"

தெரியும் என்று சொன்னால் யார் என்று கேட்பான். யார் என்று சொன்னால், அவள் தேன்மொழியை நம்பிச் சொன்னதை நானே இத்தனை பேர் நடுவில் எடுத்துக் கொடுத்தவள் ஆவேன். சொல்லாவிட்டால் எடுக்கமாட்டான். வாத்தியார் எழுப்பிவிட்ட நாள் மாதிரி நின்றேன்.

"பாவம்ணா," என்றேன். அவ்வளவுதான் வந்தது.

ஜெகநாதன், பளபளக்கும் புது மொட்டையோடு, சந்தனத்தைத் தடவிக்கொண்டே சிரித்தான். "டேய் பிரகாஷ், நம்ம தேன்மொழி கட்சி மாறிட்டாடா!"

எல்லாரும் சிரித்தார்கள்.

"பாவம் யாரு, அவளா?" என்றான் அண்ணன். "அவளைக் கட்டப்போறவனை நெனச்சுப் பாரு. அவன்தான் பாவம். அவனுக்குத் தெரியட்டும்னுதான் போட்டேன். நீ வீட்டுக்குப் போ. வெயில்ல வராதே."

கத்தி மறுபாதித் தலையில் இறங்கியது. கொத்துக் கொத்தாக முடி அவன் மடியில் விழுந்தது. நான் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் இறங்கிவிட்டேன்.

சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வதினா. கம்பெனிச் சட்டையோடு, கழுத்தில் அடையாள அட்டையோடு, சத்திரத்தில் இறங்காமல் நேராக எங்கள் ஊருக்கே வந்திருந்தாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"வாடி என் மருமவளே! சொல்லாம கொள்ளாம! இரு, டீ போடறேன். உன் பாவாவும் இப்ப வந்துடுவான். வந்தா சிரிக்காதே, தலை வழுவழுன்னு இருக்கும்."

வதினா நாற்காலியில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். நான் எதிரில் நின்றேன். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. அதற்குள் அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். தலையெல்லாம் சந்தனம். அவளைப் பார்த்ததும் வெட்கத்தோடு மொட்டையைத் தடவிக்கொண்டான்.

"பிரபா! எப்ப வந்தே? எப்டி கீது?"

"பாவா, ஸ்டேட்டஸ்ல ஒரு பொண்ணு மெசேஜ் போட்டிருக்கீங்களே, அது யாரு?"

"அதுவா? எவளோ கம்பெனிக்காரி. ஏன், நீ பாத்தியா?"

"மாப்பிள்ளை?"

"எவனோ," என்று சிரித்தான்.

வதினா இரண்டு கைகளையும் எடுத்து மேசை மேல் மல்லாத்தி வைத்தாள். டியூப்லைட் வெளிச்சத்தில் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கி இருந்தன. அண்ணன் அவற்றைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அவள் தன் போனைத் திறந்து அவன் முன்னால் தள்ளினாள். தேன்மொழிக்கு அவள் அனுப்பிய மெசேஜ், அழிக்காமல் அப்படியே.

அவன் படித்தான். படித்ததையே மறுபடி படித்தான். நின்றுகொண்டிருந்தவன் உட்கார்ந்துவிட்டான்.

உள்ளிருந்து அம்மா கத்தினாள். "பிரபா, சக்கரை ஒண்ணா ரெண்டா?"

"தேன்மொழி நான்தான் வதினா," என்றேன். குரல் வந்துவிட்டது, நான் நினைத்ததைவிடச் சத்தமாக. "நான்தான் எழுதினேன். உங்களுக்குப் பதில் போட்டதும் நான்தான்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் பார்வை என் முகத்திலிருந்து என் கைக்கு இறங்கியது, அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அண்ணன் பக்கம் திரும்பிக் காத்திருந்தாள்.

அண்ணன் நெற்றியில் சந்தனம் வியர்வையோடு வழிந்தது. அதைத் துடைக்கவில்லை. அவன் உதடு அசைந்தது. அந்த நேரத்தில் அவன் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருந்தாலும் அவள் உட்கார்ந்திருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவள் உட்கார்ந்திருந்த விதம் அப்படி.

"யாரு அவன்?" என்றான்.

அவள் முகத்தில் ஏதோ இளகியது. பேச வாயைத் திறந்தாள்.

"இல்ல... இத்தினி நாளா நடக்குதுன்னா," என்றான் அண்ணன், "அப்பவே ஏன் சொல்லலை?"

வதினா வாயை மூடிக்கொண்டாள். மேசையிலிருந்து போனை எடுத்தாள். அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகினாள். எழுந்தாள். அம்மா டம்ளரோடு வந்து, "ஏய், ஒரு வாய் குடிச்சிட்டு..." என்று கதவருகே நின்றாள். வதினா அவளைச் சுற்றிக்கொண்டு போனாள். வாசலில் செருப்பை மாட்டினாள். ஒரு வார் பூட்டவில்லை. அதோடேயே படி இறங்கி, அண்ணன் வண்டியைத் தாண்டி, அதன் முன்பக்கத்தில் ஒட்டியிருந்த ருத்ரவேலைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.